ஒன்பது தட்டல்கள்

ரூட்டருக்குள் போக பாஸ்வேர்டு வேண்டும். அதை வைத்த மதுரைவீரன் வேலையை விட்டுக் கத்தாருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதை யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. இதுவரை தேவைப்படவும் இல்லை.

இப்போது தேவை. அரியலூர் சிமெண்ட் ஆலைக்கு ஜெயங்கொண்டத்தில் புதிய குடோன் திறக்கிறார்கள். அங்குள்ள கணினிகளுக்கு வழி இன்னது என்று இந்த ரூட்டரில் எழுதினால்தான் அவை ஆலையோடு பேசும். புவனேஸ்வரி காலையிலிருந்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"பேருக்கேத்த மாதிரி காவலுக்கு நிக்கிறான் பாரும்மா" என்றார் மேலாளர் அன்பழகன். "கெடா வெட்டுனாத்தான் வழி வுடுவான் போல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்கு ஒன்று தெரியும். மதுரைவீரன் இந்த ரூட்டரைத் திறக்கும்போதெல்லாம் "புவனா, கொஞ்சம் திரும்பிக்கங்க" என்பான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். முதுகுக்குப் பின்னால் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்கும். ஒன்பது. பிறகு என்டர். ஒவ்வொரு முறையும் எண்ணியிருக்கிறாள்.

ஆலையில் அவளைப் புவனா என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். அதை ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு எழுத்து. மீதி இரண்டு.

அன்பழகன் எதிரில் அவள் தன் பெயரைத் தட்டிப் பார்க்கவில்லை.

"அவன் நம்பர் இருக்குல்ல? போட்டுக் கேளு. ஸ்பீக்கர்ல போடு."

நான்காவது மணியில் எடுத்தான்.

"அட, புவனாவா! நல்லாருக்கீங்களா? அந்தக் கேன்டீன் டீயத்தான் இன்னமும் குடிக்கிறீங்களா?"

"அதேதாங்க. பெரிய ரூட்டர் பாஸ்வேர்டு வேணும்."

"எது, அரியலூர்ல உள்ளதா? ஒரு பேரு. அதோட ரெண்டு நம்பர். அப்படித்தான் வெச்சேன். என்ன பேருன்னுதான்... போங்க, ஞாபகம் இல்ல. ஒடச்சு உள்ள போயிடுங்க. ஒங்களுக்குத் தெரியாததா?"

"சரிங்க."

"வேற என்ன புவனா?"

"வேற ஒண்ணுமில்லங்க."

ரூட்டரை அணைத்தால் எடைமேடையும் ஓடாது என்பதால், மதியம் ஒரு மணிக்கு அதை நிறுத்தச் சொன்னார் அன்பழகன். சுண்ணாம்புக்கல் லாரிகள் வாசல்வரை நின்றன. இருபது நிமிடம் கொடுத்தார்.

புவனேஸ்வரி ரூட்டரின் மேலிருந்த சிமெண்ட் தூசியைத் துடைத்தாள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். முதல் நிமிடத்துக்குள் உரிய விசையை அழுத்தினால் அது தன் பழைய அமைப்பைப் படிக்காமல் எழும். பாஸ்வேர்டு கேட்காது. பிறகு பழைய அமைப்பை நாமே ஏற்றிக்கொள்ளலாம்.

ஏற்றினாள். அவன் எழுதிய வரிகள் திரையில் வந்தன. எடைமேடை, சுரங்க அலுவலகம், முன்வாசல் என்று ஒவ்வொரு இணைப்புக்கும் பெயர் வைத்திருந்தான். நடுவில் பாஸ்வேர்டு. அது அப்படியே இருக்கவில்லை. குலைத்துப் போட்ட முப்பது குறிகளாக இருந்தது. அதிலிருந்து பழையதைத் திரும்ப எடுக்க வழி கிடையாது.

முப்பதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"அது எதுக்கும்மா?"

"பழசு சார். இருக்கட்டும்."

புதிய பாஸ்வேர்டு வைத்தாள். அதைச் சீட்டில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி அன்பழகனிடம் கொடுத்தாள். குடோனுக்கான வழியை எழுதினாள். ஜெயங்கொண்டம் பதில் சொன்னது. லாரிகள் நகர்ந்தன.

ஸ்டோரில் அதே மாதிரி இன்னொரு ரூட்டர் உபரியாக இருந்தது. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அதைத் தன் மேசைக்குக் கொண்டுவந்தாள். நோட்டில் இருந்த முப்பது குறிகளையும் அதில் ஏற்றினாள். இப்போது இதற்கும் அவன் பாஸ்வேர்டுதான் பூட்டு. எத்தனை முறை தவறினாலும் எந்த லாரியும் நிற்காது.

தன் பெயரைத் தட்டினாள். பின்னால் இரண்டு பூஜ்யம். இல்லை என்றது. பூஜ்யம் ஒன்று. இல்லை. பூஜ்யம் இரண்டு. இல்லை. மூன்று முறை தவறினால் வெளியே தள்ளும். மறுபடி உள்ளே வரவேண்டும். ஒரு நாளைக்கு இருபது எண் என்று வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை கணக்குப் பிரிவு செங்கமலம் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, சோத்தக்கூட தொறக்கல. அந்தப் பொட்டிக்கு ஊட்டிவுடுறீங்களா?"

"டெஸ்டிங்."

"எத்தன நாளைக்கு?"

"வெள்ளிக்கிழம முடிஞ்சிடும்."

வெள்ளிக்கிழமை தொண்ணூற்றெட்டுக்குப் பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். பெயர். தொண்ணூற்றொன்பது. ஒன்பது தட்டல். என்டர்.

இல்லை.

டிபன் பாக்ஸைத் திறந்தாள். மூடினாள். ரூட்டரைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர்வரை நடந்தாள். அலமாரிக் கதவைத் திறந்த பிறகுதான் தோன்றியது. அவன் எண்ணை முன்னால் வைத்துப் பெயரைப் பின்னால் வைத்திருக்கலாம்.

திங்கட்கிழமை இரண்டு பூஜ்யத்திலிருந்து தொடங்கினாள்.