ரிப்பேர் இல்லாத மிஷின்

மும்பை மாட்டுங்கா வாசகர் வட்டத்துக்கு ஜெபசெல்வி அன்று சண்டை போடவென்றே வந்திருந்தாள். அவள் எழுதிய கதையை, ஐரோலியில் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லித்தரும் ஆதித்யன் அலசப்போகிறான். ‘ஆறுமுகத்தாயின் அடிமனம்’ என்ற கட்டுரைத் தலைப்பே அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியிருந்தது.

கதை சின்னதுதான். தாராவியில் துணி தைத்துப் பிழைக்கும் ஆறுமுகத்தாய், மிஷின் ஓடவில்லை என்று மெக்கானிக்கை அடிக்கடி வரவழைக்கிறாள்.

“மிஷினில் கோளாறே இல்லை,” என்று ஆதித்யன் வாசித்தான். “அவனைப் பார்க்கும் ஆசையைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள அவளால் முடியவில்லை. அதனால் அடிமனம் ஒரு கோளாறைக் கற்பித்துக்கொள்கிறது. அமுக்கிவைத்த ஆசை இப்படி வேஷம் போட்டு வரும். சிலசமயம் வாய் தவறியும் வந்து விழும்.”

ஜெபசெல்வி எழுந்துவிட்டாள். “சார், அது எங்க வீட்டு மிஷினு. நெசமாவே ரிப்பேரு. நூலு அறுந்துக்கிட்டே கெடந்துச்சு.”

“கதையில நூல் அறுந்ததா நீங்க எழுதலையே?”

அவள் யோசித்துப் பார்த்தாள். எழுதவில்லைதான். உட்கார்ந்துவிட்டாள்.

அவன் தாளிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு உற்சாகமாகத் தொடர்ந்தான். “மெக்கானிக்கும் லேசுப்பட்டவன் இல்லை. ‘மிஷின் நல்லாத்தான் இருக்கு’ என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் மறுபடி எப்போது போன் பண்ணுவாள் என்று நான் காத்துக்கொண்டே...”

சட்டென நிறுத்தினான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

“அவனா, நானா?” என்றாள் தலைமை தாங்கிய அபயாம்பாள் மாமி. “வாய் தவறி வந்து விழும்னு இப்பத்தானே சொன்னேள்!”

கூடம் அதிர்ந்தது. ஜெபசெல்விக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ‘இங்க ஒற்று மிகுமா, மிகாதா?’ என்று போன மாதம் முழுக்க ஆதித்யனுக்குப் போன் போட்டது அவள்தான். வட்டத்தின் பத்திரிகைக்குப் பிழை திருத்துகிறவளுக்கு அது தெரியாதா என்ன? நினைக்க நினைக்க அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவன் பின்னாலேயே வந்தான்.

“சாரி. அச்சுல வரும்போது ‘அவன்’னுதான் இருக்கும்.”

“எனக்குப் பசிக்கி. தோசை சாப்பிடுவமா?”

தோசை வருவதற்குள் அவள் அம்மா அன்னத்தாயின் போன் வந்துவிட்டது. “எங்கட்டி இருக்க, இன்னும் காணலியே?”

“ஆதித்யன்னு ஒருத்தர்கூட சாப்பிட வந்திருக்கேம்மா. இந்தா, அவர்ட்ட பேசு.”

போனை அவன் கையில் வைத்துவிட்டு, அவன் முழிப்பதை ஆசைதீரப் பார்த்தாள்.