கோணமூக்கு உள்ளானுக்கு ஒரு சாட்சி

எங்கள் பறவைக் குழுவில் ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேர் பார்த்தால்தான் அது பறவை. ஒருவர் மட்டும் பார்த்தால் வெறும் கதை.

போன மாதம் நீர்த்தேக்கத்தில் கோணமூக்கு உள்ளானைப் பார்த்தேன் என்றேன். அலகு மேல்நோக்கி வளைந்த, அபூர்வமான பறவை. நர்ஸாக வேலை பார்க்கும் என் நாத்தனார், எல்லார் முன்னாலும், "அது சாதா நெடுங்கால் உள்ளான் அண்ணி" என்று சொல்லிவிட்டாள். ஊர்க் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி விற்கிறவள் நான். எனக்கே கண் தெரியவில்லையாம்! அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் தூது போய் என் கணவர்தான் இளைத்துப்போனார்.

இன்று காலை சேற்றோரம் நான், மேட்டு மரங்களுக்குள் அவள். குழுவில் வேறு யாரும் வரவில்லை. திடீரென்று அதே பறவை, என் கண்ணெதிரே, தண்ணீரில் அலகை இப்படியும் அப்படியும் வீசி மேய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் பார்த்தால் என் மானம் திரும்பிவிடும். கத்திக் கூப்பிட்டால் பறந்துவிடும். போனையோ அவள் மரங்களுக்குள் போனதும் அணைத்துவிடுவாள்.

மாங்குயில் என்றால் அவளுக்கு உயிர். உதட்டைக் குவித்து மாங்குயில் மாதிரியே சீழ்க்கை அடித்தேன்.

பலித்தது. பைனாகுலரைக் கிளைகளுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கீழே பார்க்காமல் பூனைநடை போட்டு வந்தவள், நேராக என் மேலேயே முட்டிக்கொண்டாள். குவித்த உதட்டோடு நின்றேன்.

"அண்ணி... மாங்குயில் நீங்கதானா?"

"உஷ்! அங்க பாரு!"

எங்கே பார்ப்பது? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைக் கையால் அமுக்கியபடி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. உள்ளான் எழும்பி அக்கரைப் பக்கம் பறந்து மறைந்தது.

"பார்த்தியா?"

"கண்ணெல்லாம் தண்ணி அண்ணி. கறுப்பும் வெள்ளையுமா ஏதோ போச்சு, அவ்வளவுதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பரவாயில்ல, பார்த்தேன்னே குழுவுல சொல்லிடறேன். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்கள அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

பார்க்காததைப் பார்த்தேன் என்று செத்தாலும் சொல்லாதவள் அவள். கைகொடுத்து அவளைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்டேன்.

"பொய்யெல்லாம் வேணாம்" என்றேன். "நாளைக்கு வந்து என் பக்கத்துல நில்லு. பார்த்துட்டுச் சொல்லு."

"நாளைக்கு எனக்கு டியூட்டி இருக்கே அண்ணி."

"லீவு போடு."