மோட்டார் நிறுத்தம் 5.20

அந்த ஆள் ராஜபாளையத்துக் கல்லூரி வாத்தியார் என்றுதான் சொன்னார். பெயர் ராஜரத்தினமாம். நான் நம்பவில்லை. காதில் மாட்டும் கருவி, கம்பி சுற்றிய மரச்சட்டம், டேப் ரெக்கார்டர் எல்லாம் தூக்கிக்கொண்டு விடியுமுன்னே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துக்கு எந்த வாத்தியார் வருவான்? கரண்ட் ஆபீஸ் ஆள்தான் என்று முடிவுகட்டினேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கிணற்று மோட்டாருக்கு இணைப்புக் கேட்டு மனுப்போட்டு ஆறு வருடம். எண்பத்தெட்டாம் வருடம் பிறந்தும் வரவில்லை. நாலு வயல் தள்ளிப் போகும் கம்பியில் திருட்டுக் கொக்கி போட்டுத்தான் நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சினேன். கதிர் பால் பிடிக்கும் நேரம். கொக்கியைப் பிடுங்கினால் இரண்டு ஏக்கரும் பதர்.

"யாரை வேவு பாக்கீரு?" என்றேன்.

"வேவு இல்லைய்யா. பூமிக்கு வெளிய, ரொம்ப உசரத்துல, பூமியோட காந்தம் கூடாரம் மாதிரி சூழ்ந்திருக்கு. அங்கன தானா ரேடியோ அலை கிளம்பும். விடியக்காலம் கேட்டா குருவி கத்துத மாதிரி இருக்கும். வடக்க, குளிர் நாட்டுல கேட்டிருக்காவ. இம்புட்டுத் தெக்க வருமான்னு பாக்கணும்."

"எந்த ரேடியோ ஸ்டேஷன்காரன் அனுப்புதான்?"

"ஒருத்தனும் அனுப்பல."

"ஆளில்லாம ரேடியோ பாடுமாக்கும்! வேற எவன் காதுலயாவது பூச்சுத்தும்."

அவர் சட்டத்தை மெல்லத் திருப்பினார். முகம் சுளித்தது. "ஙொய்ன்னு கரண்ட் இரைச்சல்" என்றார். சட்டம் என் மோட்டார் அறையைப் பார்த்து நின்றது. ஒயர் போகும் வழியை அவர் கண் தொடர்ந்தது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"விடியக்காலம் ஒரு மணி நேரம் மோட்டாரை நிறுத்துவீகளா ஐயா?"

கொக்கியைத் தெரிந்துகொண்டு கேட்கிறான். மறுக்க முடியுமா? நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் திடீரென்று கையை உயர்த்தினார். கருவியை என் காதில் மாட்டினார். சரசரப்புக்குள் கீச்சுகீச்சென்று ஏதோ கேட்டது. பக்கத்து மாந்தோப்பில் ஒரு குருவிகூட வாய் திறக்கவில்லை. கேசட்டில் முன்னாலேயே பதிந்துவைத்ததோ என்று பெட்டியைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். கேசட்டை வெளியே எடுத்தும் கீச்சொலி நிற்கவில்லை.

பிறகு நோட்டில் எழுதினார். பிடுங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'மோட்டார் நிறுத்தம் 5.20.' பக்கத்தில் என் பெயர், கருத்தையா.

"கேஸ் எழுதுதீரோ?"

"அதை எழுதலன்னா, நான் கேட்டதே மோட்டார் இரைச்சல்தான்னு சொல்லிருவாவ. எவனும் ஒத்துக்கிட மாட்டான்."

"உமக்கு அது சத்தம். எனக்குச் சோறு."

அவர் நோட்டைத் திரும்ப வாங்கினார். பிறகு அந்தத் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு வரலாமாய்யா?"

தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

தாளை அடுப்பில் போட்டு, சாம்பலையும் கிளறிப் பார்த்தேன். வேறு எங்காவது எழுதி வைத்திருப்பானோ என்று தூக்கம் வரவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் நானே மோட்டாரை நிறுத்திவிட்டு வரப்பில் நின்றேன். சட்டத்தைத் தோளில் சுமந்து அவர் தனியாக வந்தார். பின்னால் கரண்ட் ஆபீஸ் ஜீப் ஏதும் வருகிறதா என்று ரோட்டு வளைவு வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.