நானூற்று முப்பது கிலோமீட்டர்

எங்கள் ஆட்டுப்பண்ணையிலிருந்து புரோக்கன் ஹில் ஆஸ்பத்திரிக்கு இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். ஒரு முறை முழுக்க சார்ஜ் போட்டால் நானூற்று முப்பது ஓடும் என்று எங்கள் புது மின்சாரக் காரின் காகிதத்தில் அச்சடித்திருந்தது. என் கணவன் லைல் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான்.

அன்று பதினோரு மணிக்கு நர்ஸ் போன் செய்தாள். லைலின் அண்ணன் கிளெம் பொழுது சாயும்வரை தாங்கமாட்டார் என்றாள். "லைல் வந்துட்டானான்னு கேட்டுட்டே இருக்காரு. சீக்கிரம் வாங்க."

வேலித் தகராறில் அண்ணனும் தம்பியும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. லைல் உடனே சாவியை எடுத்தான்.

எங்கள் பக்கத்தில் யாரும் வெறுங்காரில் கிளம்பமாட்டார்கள். முன்னால் கங்காருவுக்காகக் கனத்த இரும்புத் தடுப்பு, மேலே கேரியர், அதில் இரண்டு ஸ்டெப்னி, நான்கு கேன் தண்ணீர். டீசல் வண்டிக்குச் செய்ததையெல்லாம் லைல் இந்தக் காருக்கும் செய்து வைத்திருந்தான். அத்தனையும் காற்றைத் தடுத்துப் பேட்டரியைத் தின்னும் என்று எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

வழியிலிருக்கும் வில்கானியா ஊர் வந்தபோது தொண்ணூறு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தோம். திரையில் இருநூற்றைம்பது மிச்சம் காட்டியது.

"நூத்தியெண்பது காலியாயிருக்கு லைல். இங்கயே சார்ஜ் போட்டுக்கலாம்."

"முக்கா மணி நேரம் ஆகும். இன்னும் எரநூறுதானே இருக்கு? அம்பது மிச்சம் வரும். சும்மா வா."

நானும் சும்மா வந்தேன். ஊரைத் தாண்டியதும் மேற்கிலிருந்து அனல் காற்று காரின் முகப்பில் மோதியது. வெயில் நாற்பத்து நான்கு. லைல் நூற்றுப்பத்தில் போனான். அந்த ரோட்டில் எல்லோரும் அப்படித்தான் போவோம். அறுபது கிலோமீட்டர் பாக்கி இருக்கையில் திரையில் முப்பத்தெட்டு என்று வந்தது.

ஏசியை அணைத்தான். ஓரமாக நிறுத்தி, மேலே இருந்ததைக் கழற்ற ஸ்பேனரோடு கேரியர்மேல் ஏறினான். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது.

ஐந்து நிமிஷத்தில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பக்கத்துப் பண்ணை நோரீன். எங்கள் ரோட்டில் நிற்கிற வண்டியைக் கண்டால் யாரும் தாண்டிப் போவதில்லை.

"என்னப்பா, பொம்மைக் காரு மூச்சு வாங்குதா?"

கிளெம்மைப் பற்றிச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "ரெண்டு பேரும் ஏறுங்க. முக்கா மணில சேர்த்துடுறேன்."

"வண்டிய விட்டுட்டு வரமுடியாது," என்றான் லைல். "இதையெல்லாம் கழட்டிட்டு மெதுவா ஓட்டினா போய்ச் சேர்ந்துரும். நீ முன்னால போய் நான் வர்றேன்னு சொல்லு."

வண்டி நின்றால் வண்டியை விட்டு நகராதே என்று நடக்கப் பழகும்போதே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நகர்ந்தவர்களைப் பிணமாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அது நடந்து போகிறவனுக்குச் சொன்னது. வலிய வந்து கூப்பிடுகிற வண்டியில் ஏறுவதற்கு என்ன வந்தது? அவனுக்கு ரோஷம். எனக்கு அவனைத் தனியே விட மனசில்லை. அந்த மடத்தனத்துக்கு என்னை நானே மன்னிக்கவில்லை.

கேரியரையும் ஸ்டெப்னியையும் தண்ணீரையும் ரோட்டோரம் போட்டுவிட்டு, ஐம்பதுக்கு மேல் போகாமல் ஊர்ந்தோம். கையால் தள்ளினால் சீக்கிரம் போயிருக்கலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் திரை பூஜ்யம் காட்டியது. மணி நாலேகால்.

நோரீன் வராந்தாவில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினாள்.

"மூணரைக்குப் போயிட்டான், லைல். நான்தான் கையைப் பிடிச்சிட்டிருந்தேன்."

லைல் அவளிடம் கேட்டான்: "ஏதாவது சொன்னானா?"

"நீ வர்றேன்னு நான் சொன்னதும் சிரிச்சான். நான் திரும்பிப் போய் உன்னைக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டான். 'அவன் மெதுவாவே வரட்டும், நான் எங்கயும் போயிடமாட்டேன்'னான்."