வாத்தியாருக்கு ஒரு வாரம் மௌனம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவரை எல்லாரும் 'பிரேக் வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். "பிரேக்! பிரேக்!" என்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர்களும் சேர்ந்து மிதிப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய நாக்கின் ஓரத்தில் வந்த புற்றுநோயை வெட்டி எடுத்தார்கள். அன்றே சிகரெட்டுக்குப் பெரிய கும்பிடு போட்டார். அதோடு தொல்லை விட்டது என்று நினைத்து, மைத்துனனோடு சாயங்காலம் உட்கார்ந்து குடிப்பதை மட்டும் வைத்துக்கொண்டார்.

இந்த முறை பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் கடுகளவு வெள்ளைப் புள்ளி.

"பழசு பரவிடுச்சா?" என்று கேட்டார் வாத்தியார்.

"இல்ல, இது தனியா, புதுசா வந்த மாதிரி இருக்கு. முப்பது வருஷப் புகை நாக்கோட நின்னிருக்குமா? தொண்டை முழுக்கப் போயிருக்கு. ஒரு இடத்துல வந்தவங்களுக்கு இன்னொரு இடத்துலயும் வரலாம். அதுக்குத்தான் விடாம வரச் சொல்றோம். குடி உண்டா?"

"எப்பவாவது..."

"ஆமா டாக்டர், எப்பவாவதுதான் குடிக்காம இருப்பார்" என்றார் மனைவி.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிகரெட் பண்ணின கெடுதலுக்குக் குடியும் கைகொடுக்கும். அதையும் விட்டுடுங்க."

சதையைச் சோதித்ததில் ஆரம்பக்கட்டப் புற்று என்று தெரிந்தது. லேசரால் முழுசாக எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லி மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வாத்தியாருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளுமா? மூன்றாம் நாளே வண்டியில் ஏறிவிட்டார். மூன்று முறை தேர்வில் கோட்டைவிட்ட தையல்காரம்மா ஓட்ட உட்கார்ந்தார். ரவுண்டானா வந்தது. வாத்தியார் தொண்டை வரை வந்த சத்தத்தை விழுங்கிவிட்டு, கையால் ஜாடை காட்டினார். வண்டி அலுங்காமல் குலுங்காமல் திரும்பியது.

"சார், இன்னைக்குத்தான் எனக்கு ரோடே கண்ணுக்குத் தெரிஞ்சுது!" என்றார் தையல்காரம்மா. அடுத்த தேர்வில் தேறியும் விட்டார்.

அந்த மௌன வாரத்து ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் சட்டைப்பையில் சிகரெட்டும் கையில் பாட்டிலுமாக வந்தான். "மாமா, பேசத்தானே கூடாதுன்னாங்க?"

வாத்தியார் ஒரு சீட்டில் எழுதி நீட்டினார்: 'வியாழன் பத்து மணி. உன் வாயையும் பார்க்க நேரம் வாங்கியிருக்கேன்.'

"எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்!"

"இவரும் நல்லாத்தான்டா இருந்தார்" என்று சொல்லி, அவன் அக்கா பாட்டிலைக் கைப்பற்றினார்.

வியாழக்கிழமை மூவரும் போனார்கள். மைத்துனன் வாயில் ஒன்றுமில்லை. ஆனால் சிகரெட்டை இன்றே விடச் சொன்னார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் அவன் சட்டைப்பையிலிருந்த பெட்டியை அக்கா கையில் திணித்துவிட்டு, "பசிக்குது, வாங்க சாப்பிடலாம்" என்று முன்னால் நடந்தான்.