கரையோரத்து மீன்கள்

பெயின்டர் தன் தூண்டிலை மச்சானுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். சாரத்திலிருந்து விழுந்து, வலது தோளில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து கை காதுக்கு மேலே ஏற மறுத்தது. வேலை போனதைக்கூட அவர் ஒரு மாதிரி தாங்கிக்கொண்டார். தூண்டில் போடும் ஞாயிற்றுக்கிழமைகள் போனதைத்தான் தாங்க முடியவில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்வீட்டுச் சுவரில் எவனோ அடித்த பெயின்ட்டைக் குறை சொல்வதே முழுநேர வேலையாகிவிட்டது. குறை சொன்ன வரைக்கும் அவர் மனைவிக்குக் கவலை இல்லை. போன வாரம் அதையும் நிறுத்திவிட்டார். தூண்டிலும் போய்விட்டால் மனுஷன் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

அவள் தையல்காரி. தூண்டில் முள்ளில் கட்டும் பொய்ப்பூச்சிகள் எல்லாம் அவள் மேசையில் பிறந்தவைதான். கொஞ்சம் வாத்து இறகு, சாம்பல் நிற நூல், இறுக்கி ஒரு முடிச்சு. அந்தப் பூச்சிக்கு எடையே கிடையாது, எறிந்தால் மூக்குக்கு முன்னாலேயே விழும். அதனால் கனமான கயிற்றைத்தான் வீச வேண்டும். தலைக்குப் பின்னால் நீள விட்டு, அது முழுக்க நீண்டதும் முன்னால் அடித்தால், கயிறு பூச்சியையும் கூட்டிக்கொண்டு போகும். அந்த வீச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் தம்பியின் பண்ணைக் குட்டையில், கரை விளிம்பில் ஜம்மென்று நின்று, பூச்சியை நட்டநடுவில் இறக்குவார். மீன் மாட்டுவது என்னவோ அபூர்வம்.

"பெருசெல்லாம் நடுவுலதான் இருக்கும். அதுக்குப் பொறுமை வேணும்" என்பார்.

பெரிசு நடுவில் இல்லை. தள்ளி உட்கார்ந்து துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கும் அவளுக்குத்தான் அது தெரியும். அவர் வருவதற்கு முன்னால் கரையோரப் புல்லடியில், முழங்கால் அளவுத் தண்ணீரில், பச்சை முதுகுகள் நகரும். அவர் நிழல் விழுந்ததும் சிதறி ஓடும். அவர் மூட்டை கட்டிய பிறகு சாவகாசமாகத் திரும்பி வரும். கல்யாணமான புதிதிலிருந்தே பார்த்திருக்கிறாள். சொல்ல வாயெடுப்பாள். கயிறு வளைந்து போவதைப் பார்த்து அவர் முகம் மலர்வதைக் கண்டதும் மென்று விழுங்கிவிடுவாள். மீன் கடையில் கிடைக்கும், அந்த முகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது சொல்லாவிட்டால் தூண்டில் போய்விடும். சொன்னால், அவர் இத்தனை வருஷம் வீசியதெல்லாம் வீண் என்று அவள் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகும். ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்குப் போகும் வழி முழுக்க அவளுக்கு இதே யோசனை.

தம்பி கொட்டகையில் பம்பைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருந்தான். தூண்டிலைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"குடுத்தா வாங்கிக்கிறேன் மாமா. ஆனா எனக்கு வீச வராது. போன தடவை என் காதைத்தான் புடிச்சேன்."

"நீ கை கழுவிட்டு வா" என்றாள் அவள். "ஏங்க, கடைசியா ஒரு தடவை குட்டையைப் பாத்துட்டு வந்துடலாம்." அவர் பதில் சொல்வதற்குள் தூண்டிலை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்கயே உக்காருங்க."

"குட்டை அங்க இருக்கு."

"உக்காருங்கன்னா."

ஈரப் புல்லில் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அவள் கை காட்டவில்லை. தண்ணீர் தெளிந்திருந்தது. சற்று நேரத்தில் புல்லடியில் ஒரு முதுகு நகர்ந்தது. பின்னால் இன்னொன்று. மூன்றாவது, அவர் முழங்கை நீளம் இருக்கும்.

அவர் கழுத்தை நீட்டி, மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ரொம்ப நாளா."

"ஏன் சொல்லல?"

"வீசும்போது சந்தோஷமா இருந்தீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெடுத்துவிட்டோமே என்றிருந்தது அவளுக்கு. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். அவர் கை நீட்டித் தூண்டிலை வாங்கினார்.

பின்னால் மரம் மறைக்கும் இடங்களில், வேறு வழியில்லாதவர்கள் வீசும் ஒரு வீச்சு உண்டு. கயிற்றைப் பின்னால் எறிவதே இல்லை. தண்ணீர்மேல் கிடப்பதை மெல்ல இழுத்து, கழியைப் பக்கவாட்டில் சாய்த்து, முன்கையால் ஒரு தட்டு. சுருட்டிய பாயை விரிப்பதுபோல் கயிறு உருண்டு போகும். அதைச் சோம்பேறி வீச்சு என்று அவர் நக்கல் அடிக்காத நாள் கிடையாது. இப்போது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மண்டியிட்டபடி, அதையே தட்டினார். முதல் தடவை கயிறு கொத்தாக விழுந்தது. அடுத்த தடவை கரையை ஒட்டி உருண்டு, புல் நுனிக்கு அருகில் பூச்சியை வைத்துவிட்டு நின்றது. தோள் அசையவே இல்லை.

தண்ணீர் ஒரு குமிழ் விட்டது. பூச்சியைக் காணோம்.

அவள் கட்டிய முடிச்சு தாங்கியது. இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, கடைசியில் அவர் கரை விளிம்புக்கு நகர்ந்து, இடது கையால் மீனைத் தண்ணீரிலேயே ஏந்திக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் பிடித்ததில் அதுதான் பெரிசு.

கொட்டகைப் பக்கமிருந்து தம்பி குரல் கொடுத்தான். "மாமா, கை கழுவிட்டேன். தூண்டிலைக் குடுக்கறீங்களா?"

"உனக்கெதுக்குடா அது? இன்னொரு காதையும் புடிச்சுக்கவா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் மீனைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"இது மாதிரி இன்னும் என்னென்ன சொல்லாம வச்சிருக்க?"

"நெறைய இருக்கு" என்றாள். "முதல்ல அதை விடுங்க. பாவம், மூச்சு வாங்குது."