மூன்று மணிக்கு வந்தவன்

லிப்ட் மெக்கானிக்கின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. அவனுடைய அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் படியேற்றித் தூக்கி வந்த அன்று, அவள் வலியோடு வலியாகச் சிரித்தாள். "ஊரையெல்லாம் ஏத்தி எறக்குறவன் வீட்டு லட்சணத்தப் பாருங்க. பரவாயில்ல, பெட்டியில எறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை." தூக்கியவர்களில் ஒருவர் சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் இருமினார்.

அவளுக்கும் அவனுக்கும் பத்து வயது வித்தியாசம். அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினாறு. அன்றிலிருந்து அம்மாவும் அவள்தான், அப்பாவும் அவள்தான். முப்பத்துநான்கு வருடம் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வயிற்றில் கட்டி என்று டாக்டர்கள் திறந்து பார்த்து, பார்த்த கையோடு மூடிவிட்டார்கள். "வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க. ஆறு வாரம், மிஞ்சிப்போனா எட்டு" என்றார்கள்.

வீட்டில் வைத்துக்கொண்டான். பார்த்துக்கொள்ளத்தான் நேரமில்லை.

அவன் வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையில். எட்டு லிப்ட்டுகள். "லிப்ட் நின்னா அங்க உயிர் நின்னுடும்" என்பான். அந்த வாக்கியத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமையானால் சபைக் கமிட்டி வேலை: மைக், நாற்காலி, ஜெனரேட்டர், சாவு வீடுகளுக்கு வண்டி ஏற்பாடு. எத்தனையோ பேருடைய சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன். வாழ்நாள் ஆண்டவர் கையில் இருக்கிறது என்று துக்க வீடுகளில் வாய் நிறையச் சொல்வான். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான்.

காலையில் வரும் பணிப்பெண் ஒரு மணிக்குப் போய்விடுவாள். பேக்கரியில் விற்பனையில் நிற்கும் மனைவி நாலரைக்கு வருவாள். இடைப்பட்ட மூன்றரை மணி நேரம் வெளியே பூட்டிய கதவுக்குள், தலையணைக்குப் பக்கத்தில் ஒரு போனோடு அக்கா தனியாகப் படுத்திருப்பாள்.

அக்கா வந்து இரண்டாவது வாரம். மாலை ஏழரைக்கு வீடு திரும்பி, அக்காவின் அறையை எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றான்.

"நீ சீவிக் குடுத்த ஆப்பிளே இன்னும் நெஞ்சுல நிக்குது" என்றாள் அக்கா.

வலி மாத்திரை மூளையைக் குழப்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். சமையலறைத் தொட்டியில் ஒரு தட்டு இருந்தது. அதில் ஆப்பிள் தோல், ஓரிடத்திலும் அறாமல், ஒரே சுருளாக. அவன் அப்படித்தான் சீவுவான். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது வராது.

"மத்தியானம் வந்திருந்தீங்களா? ஒரு போன் பண்ணியிருந்தா நானும் சீக்கிரம் கெளம்பியிருப்பேன்ல" என்றாள் மனைவி. அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. பணிப்பெண் சீவியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மூன்று நாள் கழித்து, கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர் அவனைப் பிடித்துக்கொண்டார். "என்னண்ணே, நம்ம மேல ஏதாவது கோபமா? தெனமும் மூணு மணிக்கு வர்றீங்க, நாலுக்குப் போறீங்க. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறீங்க."

"நானா?"

"பின்ன யாரு, நானா? இந்த நீலச் சட்டைதான், இந்த டூல்ஸ் பைதான். ஆனா ஒண்ணு, அக்காவப் பாக்க இப்படி ஓடி வர்ற தம்பி யாருக்குக் கெடைப்பான்? என் தம்பியும்தான் இருக்கானே, இருந்து என்ன."

மெக்கானிக் அன்று மூன்று மணிக்கு நான்காம் லிப்ட்டின் அடிக்குழிக்குள் முழங்கால் மடக்கி உட்கார்ந்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். பதிவேட்டில் அவன் கையெழுத்து இருக்கிறது. மாடி ஏறும்போது கைப்பிடிச் சுவரைத் தொட்டுத் தொட்டு ஏறினான். நாலரைக்குத் தான் வந்தபோதும் கதவு பூட்டியபடியேதான் இருந்தது என்றாள் மனைவி. அக்காவின் அறையில், சுவரோரம் கிடக்க வேண்டிய நாற்காலி கட்டிலை ஒட்டிக் கிடந்தது.

மனைவியிடம் சொன்னான். அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை. அடுத்த நாளே பூட்டை மாற்றினார்கள். அது ஒன்றையும் மாற்றவில்லை. "இன்னிக்கு ஏன்டா பேசவே மாட்டேங்கிறே? மத்தியானம்தான் வாயத் தொறக்காம கேட்டுக்கிட்டே இருக்கே, இப்பவாவது பேசேன்" என்று அக்கா அன்று மாலை அவனைக் கடிந்துகொண்டாள்.

மறுநாள் மூன்று மணி அடித்ததும், மருத்துவமனை மொட்டைமாடியில் இருந்த லிப்ட் மிஷின் ரூமிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தான். மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டான். ஆறு முறை மணி அடித்தது.

"யாரு?" என்றாள் அக்கா.

"நான்தான்கா."

"நான்தான்னா?"

"தம்பிக்கா."

வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையிடம் பேசும் குரலில், அக்கா சொன்னாள்: "என் தம்பி இங்க என் பக்கத்துல உக்காந்திருக்கான். நீங்க யாரு?"

நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். மிஷின் ரூமின் அத்தனை இரைச்சலிலும் அது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. அவனுடைய செருமல். பேச்சைத் தொடங்குமுன் இரண்டு தடவை, இரண்டாவது சற்றுக் கட்டையாக. போன் வைக்கப்பட்டது.

சூப்பர்வைசரிடம்கூடச் சொல்லவில்லை, ஓடினான். பேருந்து சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போனது. வீட்டுக் கதவைத் திறந்தபோது நாலு மணி பத்து நிமிடம். அறையில் அக்கா மட்டும் இருந்தாள். அவன் நாற்காலியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சுட்டதுபோல் எடுத்துக்கொண்டான். யாரோ அப்போதுதான் எழுந்து போன சூடு.

அக்காவின் கண்கள் அழுது ஓய்ந்த கண்களாக இருந்தன. ஆனால் முகத்தில் பல வருடமாக அவன் பார்க்காத ஒரு தெளிவு.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா" என்றாள். "அம்மா கடைசி ராத்திரி எங்கிட்ட என்ன சொன்னாங்க, நான் ஏன் கல்யாணம் வேண்டாம்னேன், எல்லாம். நாப்பது வருஷமா நெஞ்சுல கெடந்த கல்லு. எறக்கி வச்சிட்டேன். இப்ப லேசா இருக்கு."

அவன் கட்டிலருகே மண்டியிட்டான். "என்னக்கா சொன்னே? எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லு."

"விளையாடாதே. கையப் புடிச்சுக்கிட்டு முழுசும் கேட்டியே."

"ஒரே ஒரு தடவக்கா."

அவள் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். "எறக்கி வச்ச சுமைய மறுபடி தூக்கச் சொல்லாதேடா. தெம்பில்ல" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதுவரை அவனுக்கு இருந்தது பயம்தான். அப்போதுதான் வேறொன்று வந்தது. தனக்காகவே நாற்பது வருடம் காத்து வைத்திருந்ததை, தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையால் அவள் கையைப் பிடித்து, இன்னொருவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலமே சபைக்குப் போனான். போதகர், கூட்டம் முடிந்த ஹாலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இவனைவிட வயதில் சின்னவர். அடுக்குவதை நிறுத்தி முழுவதையும் கேட்டார்.

"பாஸ்டர், அது பிசாசா? வந்து ஜெபம் பண்ணுங்க, வீட்டச் சுத்தம் பண்ணணும்."

"பிசாசு ஆப்பிள் சீவிக் குடுத்து நான் கேள்விப்பட்டதில்ல, பிரதர்."

"அப்ப தூதனா?"

"தூதன்னு சொன்னா உங்களுக்கு வசதியா இருக்கும். நம்ம வேலைய ஆண்டவரே ஆள் வச்சுப் பாத்துக்கிட்டாருன்னு நிம்மதியாப் போயிடுவீங்க." போதகர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "அது என்னன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் மாட்டேன். போன வாரம் நான் பாக்கப் போனப்ப அக்கா ஒண்ணு சொன்னாங்க. மூணு மணி ஆண்டவர் சிலுவையில உயிர விட்ட நேரம். அந்த நேரத்துல தனியாக் கெடக்கறது கஷ்டமா இருக்கு, என் தம்பிய அனுப்புங்கன்னு தெனமும் கேட்டேன், அனுப்பிட்டாருன்னு. அவ்வளவு சந்தோஷமாச் சொன்னாங்க. நான் உங்களப் பத்தி நல்லவிதமா நெனச்சேன்."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான்.

"அங்க வந்து அது என்ன பண்ணுது?" என்று கேட்டார் போதகர்.

"ஒண்ணும் பண்ணல. உக்காந்து கேக்குது."

"அது முடியாத காரியமா, பிரதர்?"

மறுநாள் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தான். "எட்டு லிப்ட்ட யார் பாக்கிறது?" என்று சூப்பர்வைசர் குதித்தார். "உதவியாளர் ரெண்டு பேர் இருக்காங்க சார். பத்து வருஷமாக் கத்துக்கிட்டுத்தான் நிக்கிறாங்க" என்றான். சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு பேரும் பத்து வருடமாக அங்கேதான் இருந்தார்கள்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வீட்டுக் கட்டடத்துக்குள் நுழைந்தான். வெயில் வெளியே கொளுத்திக்கொண்டிருந்தது. தையல் மிஷின் கடகடத்தது. முதல் மாடி தாண்டி இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்தபோது மேலே காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இறங்கி வரும் சத்தம். அவசரமில்லாத நடை, வலது காலைச் சற்று அழுத்தி வைக்கும் நடை. ஏணியிலிருந்து விழுந்த வருடத்திலிருந்து அவனும் அப்படித்தான் நடக்கிறான்.

கிரீஸ் வாசனை வந்தது. தையல் மிஷின் நின்றுபோனது, அல்லது அவனுக்குக் கேட்கவில்லை.

நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. இரண்டு படி மேலே வந்து நின்ற காலணிகளை மட்டும் பார்த்தான். இடது காலணியில் கயிறு அறுந்த இடத்தில் செம்புக் கம்பி முறுக்கியிருந்தது. தன் காலைப் பார்த்தான். அதே காலணி, அதே கம்பி, அன்று காலையில் அவசரத்தில் முறுக்கிய அதே முறுக்கு. "இயேசுவே" என்று முனகினான்.

அந்தக் காலணிகள் ஒதுங்கின. சுவரோரமாக, ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளுக்கு வழிவிடுகிறவனைப் போல, மரியாதையாக ஒதுங்கி நின்றன. அவன் கடந்துபோகும்வரை நகரவில்லை. கடக்கும்போது தோளோடு தோள் உரசியது. உயிருள்ள, வேர்த்த தோள். அவன் மேலே போய்ச் சாவி போடும்வரை இறங்கும் சத்தம் கேட்கவில்லை. கதவைத் திறந்த பிறகுதான் கேட்டது. ஒவ்வொரு படியாக, கீழே, கீழே. தையல்காரரின் குரல், "அண்ணே, நில்லுங்களேன்!" அப்புறம் மிஷின் மறுபடி கடகடக்கத் தொடங்கியது.

அக்கா கதவுப் பக்கம் தலையைத் திருப்பினாள். "என்னடா, வந்ததும் வராததுமா இப்பத்தானே போனே? எதையாவது மறந்துட்டியா?"

"ஆமாக்கா" என்றான். "மறந்துட்டேன்." நாற்காலியில் உட்கார்ந்தான். கையை அவள் பக்கம் நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு பத்தொன்பது நாள் அக்கா இருந்தாள். காலை முதல் அவன்தான் பார்த்துக்கொண்டான். படியில் வேறு யாரும் வரவில்லை. பெரிய விஷயம் எதையும் அவர்கள் பேசிவிடவில்லை. மின்விசிறியைக் கூட்டு, குறை என்று சண்டை போட்டார்கள். அவள் கால் நகத்தை அவன் வெட்டினான், வெட்டத் தெரியவில்லை என்று திட்டு வாங்கினான். பழைய மாணவர்கள் யார் யார் எந்தக் கணக்கில் தவறினார்கள் என்று அவள் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்று மணியானால் ஜெபிப்பார்கள். அவள் குரல் நாளுக்கு நாள் இறங்கியது, அவன் காதை அவள் வாயருகே கொண்டுபோனான். அம்மா கடைசி இரவில் என்ன சொன்னாள் என்று மட்டும் அவன் கேட்கவேயில்லை. நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவான்.

"பயமா இருக்காக்கா?" என்று ஒருநாள் கேட்டான்.

"வலிக்குப் பயம்தான். ஆண்டவர்கிட்ட போறதுக்கு என்ன பயம்? என் கணக்கு சரியா வரலைன்னாலும் அவர் வழிமுறைக்கு மார்க் போடுவாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ முந்தி வருவியே, அப்பக் கை சுடும். இப்ப ஜில்லுன்னு இருக்கு. ஆனா இதுதான் எனக்குப் புடிச்சிருக்கு." அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மனைவி ஒரு கையையும் அவன் ஒரு கையையும் பிடித்திருக்க, அக்கா போனாள். நாலு பேர் பெட்டியை இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் மெதுவா, மெதுவா என்றான்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்து, அவனும் மனைவியும் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா அன்னிக்கு என்ன சொன்னாங்கன்னு தெரியாமலே போயிடுச்சுல்ல?" என்றாள் அவள்.

"போயிடுச்சு."

"வருத்தமா இருக்கா?"

"இருக்கு. சாகுற வரைக்கும் இருக்கும்."

அவள் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். "எங்கிட்டயும் ஒண்ணு இருக்குங்க. ரொம்ப நாளா. நீங்க வேலைக்குப் போற அவசரத்துல எப்பச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

அவர்களுடைய பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் ஏறுகிறீர்களா என்பதுபோல் பார்த்தார். மெக்கானிக் இல்லையென்று கையசைத்தான். பேருந்து போய்விட்டது. அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "சொல்லு" என்றான்.